சிவப்புக்குக் கீழே வெள்ளை

நான் எழுதியதை ரப்பர் போட்டு அழித்திருந்தார்கள். தாள் மெலிந்து வெளிச்சம் தெரியும்வரை தேய்த்து, அந்த இடத்தில் 'மஞ்சள்' என்று புதிதாக எழுதியிருந்தது. இரண்டு வரி கீழே என் கையெழுத்து மட்டும் பத்திரமாக இருந்தது.

'மஞ்சள்' என்ற அந்த எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு வந்த கடிதங்களில் இதே சுழிகளை எத்தனை தடவை தடவிப் பார்த்திருக்கிறேன்! என் கணவரின் கை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் என் கோபம் புரியும். எங்கள் ஆய்வு நிலையத்தைச் சுற்றியுள்ள காட்டில் மரங்கொத்திகளின் கால்களில் வளையம் மாட்டியிருக்கிறோம். ஒரு காலுக்கு இரண்டு, மொத்தம் நான்கு. மூன்று வண்ண வளையங்கள், ஒன்று உலோகம். எந்தக் காலில் எந்த நிறம் மேலே, எது கீழே என்பதுதான் அந்தப் பறவையின் பெயர், முகவரி எல்லாம். குஞ்சுகளுக்குத் தீனி கொண்டுவரும் நாட்களில் கூட்டு மரத்துக்கு எதிரே பச்சைத் துணி கட்டி, டெலஸ்கோப்போடு உட்கார்ந்து, வருவது யார் என்று படித்து எழுத வேண்டும்.

கேட்க சுலபம்தான். மரங்கொத்தி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வயிற்றை மரத்தோடு ஒட்டி நிற்கும். கால் தெரியவே தெரியாது. பொந்துக்குள் நுழையுமுன் ஒரு எட்டு மேலே தாவும் பாருங்கள், அந்த ஒரு நொடி தெரியும். அந்த நொடிக்காக மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். கழுத்தில் எறும்பு ஏறினாலும் கை அசையக்கூடாது. பேனா கூடாது, ஈரத்தில் மை கரையும் என்பதால் பென்சில்தான். முக்கியமான விதி ஒன்று உண்டு. பறவைகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதக்கூடாது. பார்த்ததைத்தான் எழுத வேண்டும், இருக்க வேண்டியதை அல்ல. இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பதிவறைச் சுவரில் ஒட்டியவர் பதிவறைத் தலைவர். அதாவது, என் கணவர்.

முப்பத்தொன்றாம் பகுதியின் ஆண் பறவையை நான் நான்கு காலைகள் படித்தேன். நான்கு முறையும் ஒன்றேதான். இடது காலில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. வலது காலில் மேலே நீலம், கீழே உலோகம். திங்கட்கிழமை படிவத்தைக் கொடுத்தேன். புதன்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் மரம் வெட்டும் பகுதிகளின் பட்டியல் தொங்கியது. அதில் மூன்றாவதாக முப்பத்தொன்று. காரணம்: 'புதிய ஆண். சிவப்பு-மஞ்சள். மூன்று வருடம்.'

ஒரே ஆண் பறவை ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கூடு வைக்கும் பகுதியில் கோடரி படக்கூடாது என்பது எங்கள் காட்டின் ஒப்பந்தம். ஆண் மாறினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பட்டியலில் கையெழுத்தாகும். திங்கட்கிழமை ரம்பம் வரும். அந்த மரத்தின் பொந்துக்குள் மூன்று குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

பட்டியலோடு குத்தியிருந்த என் படிவத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பதிவறைக்குள் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது யார் எழுதினது?"

"கதவைச் சாத்திட்டுப் பேசு."

"கதவு திறந்தே இருக்கட்டும். இது யார் எழுதினது?"

"நான்தான். சின்னத் திருத்தம். நீ சொன்ன சிவப்பு-வெள்ளை மூணு வருஷம் முன்னாடியே செத்துப்போச்சும்மா. நானே கண்ணால பார்த்தேன். செத்த பறவை எப்படித் தீனி கொண்டுவரும்? மஞ்சள் வளையம் வெயில்ல வெளுத்திருக்கும், உனக்கு வெள்ளையாத் தெரிஞ்சிருக்கும். எல்லாருக்கும் வர்ற தப்புதான்."

"தப்புன்னா என்னைக் கூப்பிட்டுக் கேட்கணும். பக்கத்துல குறிப்பு எழுதணும். அழிச்சுட்டு எழுதி, கீழே என் கையெழுத்தை வச்சுக்கறதுக்குப் பேர் திருத்தமா?"

"வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல நான் உங்க பெண்டாட்டி. இங்க நான் நாலு நாள் எறும்புக்கடி வாங்கினவ. இங்கயே பேசுங்க."

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். தட்டச்சு செய்பவர் சட்டென்று விசைப்பலகையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "மெதுவா," என்றார் என் கணவர், புன்னகையோடு. எனக்கு அந்தப் புன்னகைதான் தாங்கவில்லை. எதிரில் இருப்பவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல, நோயாளியைப் பார்க்கும் புன்னகை. பதினோரு வருடத்தில் எரிவாயு முடிந்த தேதியிலிருந்து என் தம்பியின் வயது வரைக்கும் என்னை இந்தப் புன்னகையோடுதான் திருத்தியிருக்கிறார். அதையெல்லாம் விட்டுவிட்டேன். வீட்டில் விட்டுக்கொடுத்தால் வீடு ஓடும். என் கண்ணை எப்படி விட்டுக்கொடுப்பது? எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

அன்று மாலை எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மூன்றாவது ஆள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். என் நாத்தனார், அவருடைய அக்கா. கடைத்தெருவில் நூல், பொத்தான், ஜிப் விற்கும் கடை வைத்திருக்கிறாள். துணியைக் கொண்டுபோய்க் காட்டினால் இருநூறு நூல்கண்டுகளில் பொருந்துவதை எடுத்துத் தருவாள். மாடியில் தனியாகக் குடியிருக்கிறாள், சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடுவாள்.

"ரொட்டி வேணுமான்னு கேளுங்க அண்ணி," என்றேன்.

"டேய், ரொட்டி வேணுமாடா உனக்கு?"

"போதும்னு சொல்லுக்கா."

"போதுமாம். ஏன், நடுவுல நான் ஒரு தபால்பெட்டியா? ரெண்டு பேருக்கும் தொண்டையில என்ன?"

"உங்க தம்பி எனக்குக் கண்ணு தெரியலைங்கறார். மஞ்சள் வெளுத்தா வெள்ளையாத் தெரியுமாம்."

நாத்தனார் கவளத்தை அப்படியே தட்டில் வைத்தாள். "யார் சொன்னா?"

"பெரிய அதிகாரி சொன்னார்."

"மஞ்சள் வெளுத்தா க்ரீம் ஆகும். எலும்பு நிறம் ஆகும். சுத்த வெள்ளை எந்த ஜென்மத்துலயும் ஆகாது. வெள்ளை அழுக்கேறினாத்தான் மஞ்சளாத் தெரியும். இருபத்திரண்டு வருஷமா நூல் விக்கிறேன், என்கிட்டயே சாயம் பூசறியாடா?"

"அக்கா, இது நூல் இல்ல. ஆராய்ச்சி."

"ஆமாமா, நான் விக்கிறது காத்து." அவள் என் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலைல என்னையும் கூட்டிட்டுப் போ. கடை பத்து மணிக்குத்தான்."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பாதி ரொட்டி அப்படியே இருந்தது. வேறு நாளாக இருந்தால் எனக்குப் பாவமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை விடிந்ததும் நாத்தனாரும் நானும் துணி மறைப்புக்குள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். அவள் கைப்பையிலிருந்து நூல் நிறுவனம் கொடுத்த நிற அட்டையை எடுத்தாள். வரிசையாக நூல் ஒட்டிய மடிப்பு அட்டை. நான் வேண்டாம் என்று கையசைத்தேன்.

"எதையும் பார்க்காம முதல்ல பறவையைப் பாருங்க அண்ணி. அப்புறம் அட்டை."

"சரிங்க டீச்சர்."

முதலில் பெண் பறவை வந்துபோனது. பன்னிரண்டு நிமிடம் கழித்து ஆண். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட முதுகு, உச்சியில் சிவப்புத் திட்டு, அலகு நிறையப் புழு. மரத்தில் ஒட்டியது, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பியது. ஒரு எட்டு தாவியது. உள்ளே போய்விட்டது.

"ஐயோ, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அடுத்ததுக்குக் காத்திருங்க."

மூன்றாவது வருகையில் அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னாள்: "இடது பக்கம் மேல சிவப்பு. தக்காளி இல்ல, செங்கல். கீழ வெள்ளை. பிசின் ஒரு ஓரமா ஒட்டிருக்கு, அங்க மட்டும் பழுப்பு. மீதி சுத்தமான வெள்ளை. அட்டையே வேண்டாம். இதை மஞ்சள்னு சொல்றவனை என் கடை வாசப்படி ஏற விடமாட்டேன்."

"உங்க தம்பிதான் சொல்றார்."

"அவனையும்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளை என்பது நிச்சயம். ஆனால் சிவப்பு-வெள்ளை செத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்ததாக என் கணவர் சொன்னார். அவர் எத்தனை திமிர் பிடித்தவராக இருந்தாலும், பார்க்காத பிணத்தைப் பார்த்ததாகச் சொல்கிறவர் இல்லை. அது என் கோபத்துக்கு நடுவிலும் எனக்குத் தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

காட்டின் வாசலில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் சன்னலில் சுருட்டை உட்கார்ந்திருந்தாள். தலைமுடியால் வந்த பெயர். போன வருடம்வரை முப்பத்தொன்றை அவள்தான் பார்த்தாள். நான் அப்போது கிழக்கு எல்லைப் பகுதிகளில் இருந்தேன். அவளுக்குக் கண் சரியில்லை, நிறங்களை மாற்றி எழுதுகிறாள் என்று சொல்லி இந்த வருடம் சன்னலுக்கு மாற்றிவிட்டார்கள். அதை எனக்குச் சொன்னவரும் என் கணவர்தான். 'பாவம், நல்ல பொண்ணு, ஆனா கண்ணு...' என்று உச்சுக் கொட்டினார். நானும் சேர்ந்து உச்சுக் கொட்டினேன். அவளுடைய டெலஸ்கோப்பைத்தான் இப்போது நான் பயன்படுத்துகிறேன்.

"முப்பத்தொன்னு ஆணை நீ என்னன்னு எழுதினே?" என்று கேட்டேன்.

அவள் சீட்டுக்கட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டே இருந்தாள். "எதுக்குக்கா இப்ப?"

"சொல்லும்மா."

"சிவப்பு-வெள்ளை. ரெண்டு வருஷமும். முதல் வருஷம் கூப்பிட்டு, 'நல்லாப் பாரு, அது மஞ்சள்'னார். ரெண்டாவது வருஷமும் வெள்ளைன்னே எழுதினேன். கண் டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. டாக்டர் ஒண்ணும் இல்லைன்னார். அதுக்கப்புறம் இங்க உட்கார வச்சுட்டாங்க." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா. வீட்டுல துணி காயப்போடும்போதுகூட இது வெள்ளையா மஞ்சளான்னு அம்மாகிட்ட கேட்பேன்."

அவளிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு அழத் தோன்றவில்லை, எதையாவது உடைக்கத்தான் தோன்றியது.

பதிவறைக்குப் போய்ப் பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடமும் அதே இடத்தில் தாள் மெலிந்திருந்தது. அதே சுழிகள். பட்டியலையும் முதல் தடவையாகப் பிரித்தேன். சிவப்பு-மஞ்சள் என்பது நான்கு வருடம் முன்பு வேறொரு பகுதியில் குஞ்சாக இருந்தபோது வளையம் மாட்டப்பட்ட பறவை. அதன் பிறகு அதை எங்கேயும் யாரும் பார்க்கவில்லை, அவர் அழித்து எழுதிய இந்த மூன்று படிவங்களைத் தவிர. உயிரோடு இருக்கும் பறவையைக் காகிதத்தில் சாகடித்துவிட்டு, காணாமல் போன பறவைக்குக் காகிதத்தில் கூடு கட்டிக் கொடுத்திருந்தார். பட்டியலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிவப்பு-வெள்ளையின் அதே நிறங்கள், கால் மட்டும் மாறிய ஒரு பறவை. இடது காலில் நீலமும் உலோகமும், வலது காலில் சிவப்பும் வெள்ளையும். அதைக் கடைசியாகப் பார்த்தது மூன்று வருடம் முன்பு, முப்பதாம் பகுதியில்.

பக்கத்துப் பகுதி. அதே வசந்தகாலம்.

மத்தியானமே வீட்டுக்குப் போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினேன். அவருடைய பழைய வெளிவேலை நோட்டுகள் அதில்தான் இருந்தன. நாத்தனாரும் கடையை உதவிப்பெண்ணிடம் விட்டுவிட்டு வந்துவிட்டாள். "இன்னிக்கு எவனும் ஜிப் வாங்காட்டி உலகம் கவிழ்ந்துடாது," என்றாள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கம் கிடைத்தது. 'முப்பத்தொன்றின் எல்லையில், மரத்தடியில் ஆண் பறவை, இறந்தது. மல்லாந்து கிடந்தது. தலை மரத்தை நோக்கி. இடது சிவப்பு வெள்ளை, வலது நீலம் உலோகம். உறை எடுக்க வண்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது.'

உலோக வளையத்தில் எண் இருக்கும். அதை எடுத்திருந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. எடுக்கவில்லை. நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லாந்து கிடந்தது.

"அண்ணி, படுங்க."

"என்னது?"

"கட்டில்ல மல்லாந்து படுங்க. தலை சுவர்ப்பக்கம். கைப்பையில நூல் இருக்கா?"

"நான் நூல் இல்லாம வெளிய வர்றதே இல்ல. எதுக்குடி?"

அவளுடைய வலது கணுக்காலில் சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சுற்றினேன். இடதில் நீலம். கட்டிலின் கால்மாட்டில், பறவையை நோக்கி நடந்து வந்தவர் நின்றிருக்கும் இடத்தில், நான் போய் நின்றேன். சிவப்பும் வெள்ளையும் இப்போது என் இடது கைப்பக்கம் இருந்தன.

பதினைந்து வருடமாக நாங்கள் எல்லோரும் மரங்கொத்தியின் முதுகை மட்டுமே பார்க்கிறோம். மரத்தில் ஒட்டி, நமக்கு முதுகைக் காட்டி நிற்கும். அதன் இடது நம் இடது. யோசிக்கவே வேண்டியதில்லை, கை தானாக எழுதிவிடும். மல்லாந்து கிடக்கும் பறவைக்கு எல்லாம் தலைகீழ். அன்று அவர் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. செத்தது பக்கத்துப் பகுதிப் பறவை. முப்பத்தொன்றின் பழைய ஆண் ஒன்பது வருடமாக அதே மரங்களில் தீனி சுமந்துகொண்டிருக்கிறது.

"எழுந்திருக்கலாமா? முதுகு பிடிக்குது," என்றாள் நாத்தனார்.

கதவு திறந்தது. அவர்தான். மாலை ஐந்து மணியாகியிருந்தது. கட்டிலில் மல்லாந்து கிடந்த அக்காவையும், அவள் கால்களில் இருந்த நூலையும், கீழே விரித்துக் கிடந்த நோட்டையும் பார்த்தார். தோளில் இருந்த பை நழுவி முழங்கைக்கு வந்தது. விளக்கம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பதில்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"உட்காரு, சொல்றேன்."

"நின்னாலும் காது கேட்கும். எப்பத் தெரியும்?"

"சத்தியமா அன்னைக்குத் தெரியாது. முதல் வருஷம் அந்தப் பொண்ணு வெள்ளைன்னு எழுதினப்ப, அவ தப்புன்னுதான் நினைச்சேன். ரெண்டாவது வருஷம்... கொஞ்சம் உறுத்திச்சு. நோட்டை எடுத்துப் பார்க்கத் தோணிச்சு. பார்க்கல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பறவை எத்தனை வருஷம் வாழ்ந்ததுன்னு நான் எழுதின அறிக்கைக்காகத்தானே இந்தப் பதவியே குடுத்தாங்க?"

"நான் எழுதினப்ப?"

அவர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார்.

"நான் வெள்ளைன்னு எழுதினப்ப என்ன நினைச்சீங்க?"

"அப்பத் தெரிஞ்சுபோச்சு," என்றார். "நீ தப்பாப் படிக்கமாட்டே. அது எனக்குத் தெரியும். இந்த நிலையத்துலயே உன் கண்ணு மாதிரி யாருக்கும் கிடையாது."

பதினோரு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன மிகப் பெரிய பாராட்டு அதுதான். கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. என் கண்ணை நம்பாமல் அழித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். நம்பிவிட்டு, முழுசாக நம்பிவிட்டு, ரப்பரைக் கையில் எடுத்திருக்கிறார். இவள் என் மனைவிதானே, கொஞ்சம் சத்தம் போடுவாள், பிறகு ரொட்டி சுடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

"உன்கிட்ட அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"எப்ப? மரத்தை வெட்டினப்புறமா? குஞ்சுங்களை எதுல வச்சுக் குடுத்திருப்பீங்க, உறையிலயா?"

நாத்தனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காலிலிருந்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "டேய் தம்பி," என்றாள், வழக்கமான கேலி எதுவும் இல்லாமல். "அந்தப் பொண்ணைக் கண் டாக்டர்கிட்ட அனுப்பினியாமே. நீ போயிருக்கணும்டா."

அவர் என்னைப் பார்த்தார். "நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்லிடறேன். நீ எதுவும் பேசவேண்டாம். சரியா?"

நான் சரி என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஆறு பேர் இருந்தோம். நிலையத்தின் தலைவி வெட்டும் பட்டியலை முன்னால் வைத்து, பேனாவின் மூடியைத் திறந்தார். என் கணவர் எழுந்தார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. முப்பத்தொன்றாம் பகுதியின் பழைய குறிப்பு ஒன்றில், பறவை மல்லாந்து கிடந்த காரணத்தால், கால் மாறிப்போன பிழை இருப்பதாகத் தெரியவந்துள்ளது, ஆகவே அந்தப் பகுதியைப் பட்டியலிலிருந்து நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்றார். ஒரு சொல் கூடுதலாக இல்லை. அழகாகப் பூசி மெழுகிவிட்டு உட்கார்ந்தார்.

தலைவி தலையசைத்து முப்பத்தொன்றின் மேல் கோடு போட்டார். "நல்ல வேளை, கண்டுபிடிச்சீங்க," என்றார் அவரைப் பார்த்து.

மரம் பிழைத்துவிட்டது. குஞ்சுகள் பிழைத்துவிட்டன. நான் பேசாமல் இருந்திருந்தால் அவருடைய நாற்காலியும் பிழைத்திருக்கும். அவர் மேசைக்கு அடியில் என் கையைத் தேடினார். கெஞ்சுகிற விரல்கள். அந்தக் கையை எனக்குப் பிடிக்கும், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அதே கைதான் ரப்பரையும் பிடித்திருந்தது. நான் என் கையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அவர் கண்டுபிடிக்கல மேடம்," என்றேன். "ரெண்டு வருஷமா வாசல்ல சீட்டு குடுக்கற பொண்ணு சரியா எழுதிக் குடுத்ததை அவர் அழிச்சார். இந்த வருஷம் நான் எழுதினதையும் அழிச்சார். எங்க கையெழுத்துக்கு மேல அவர் எழுத்து. மூணு படிவமும் இதோ இருக்கு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க."

தலைவி மூன்று தாள்களையும் ஒவ்வொன்றாகச் சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இது உண்மையா?"

"உண்மைதான் மேடம்," என்றார் அவர். பிறகு, "அவங்க ரெண்டு பேரும் படிச்சது சரி," என்றார். அதை மட்டும் யாரும் கேட்காமல் சொன்னார்.

பதிவறைச் சாவியைத் தலைவி அன்றே வாங்கி வைத்துக்கொண்டார். அவரை வெளிவேலைக்கு அனுப்பினார்கள், எங்களுக்குக் கீழே உதவியாளாக, இந்தப் பருவம் முழுவதும். சுருட்டை முப்பத்தொன்றுக்குத் திரும்பினாள். அவளிடம் அவர் மன்னிப்புக் கேட்டபோது நான் கூட இருந்தேன். அவள் அழவுமில்லை, பரவாயில்லை என்று சொல்லவுமில்லை. "என் டெலஸ்கோப்பை யார் இப்படி அழுக்காக்கினது?" என்று மட்டும் கேட்டாள். அது நான்தான். துடைத்துக் கொடுத்தேன். என் பங்குக்கு நானும் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டில் நாத்தனார் இன்னும் தபால்பெட்டியாகத்தான் இருக்கிறாள். "எத்தனை நாளைக்குடி இது?" என்று ஒருநாள் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள். தெரியவில்லை அண்ணி என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. காலையில் அவர் எனக்கு முன்பே எழுந்து இரண்டு பேருக்கும் டீ போட்டு வைக்கிறார். நான் குடிக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கும் கோபம் வருகிறது.

அடுத்த புதன்கிழமை குஞ்சுகளுக்கு வளையம் மாட்டும் நாள். சுருட்டை ஏணியில் ஏறி, ஒவ்வொரு குஞ்சாகத் துணிப்பையில் இறக்கினாள். நான் மடியில் வைத்து வளையம் மாட்டினேன். இறகு முழுசாக முளைக்காத, சூடான, எலும்பும் தோலுமான சின்ன உடம்பு உள்ளங்கையில் கிடந்து உதைத்தது. அவர் படிவப் பலகையோடு எதிரில் குந்தியிருந்தார். மேலே கிளையில் பழைய ஆண் புழுவை வாயில் வைத்துக்கொண்டு எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது.

குஞ்சை மல்லாத்திப் பிடித்திருந்தேன். அப்படித்தான் பிடிக்க வேண்டும். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் குஞ்சின் நிறங்களை நான் சொல்ல, அவர் எழுதினார்.

"திருப்பிப் படிங்க," என்றேன். அன்றைக்கு அவரிடம் நேராகப் பேசிய முதல் சொல் அது.

"குஞ்சோட இடது கால், மேலே பச்சை, கீழே கறுப்பு. வலது கால், மேலே உலோகம், கீழே வெள்ளை."

சரியாகத்தான் இருந்தது. ஏணியில் நின்றிருந்த சுருட்டை கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை."

அவர் இன்னொரு தடவை படித்தார்.